கோல் சொல்வதும் பந்து சொல்வதும்

மரப்பெட்டி உப்பி, படக்குழாய் மங்கி, உள்ளேயிருந்த சர்க்யூட் போர்டை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்ட ஆர்கேடு இயந்திரத்தில் கடைசியாக மிஞ்சுவது, கைவைத்து ஆடும் பலகை. பழைய இரும்புக்குப் போவதற்குள் அதை மீட்டு வீட்டுக் கணினியோடு இணைப்பது இன்று பெரிய வித்தையில்லை. 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட மேம் என்ற நிரல், அந்தக் காலத்து ஆர்கேடு போர்டுகளைக் கணினிக்குள்ளேயே அப்படியே நடத்திக் காட்டத் தொடங்கியது. போர்டு இல்லையே என்ற குறை அதோடு தீர்ந்தது. மிச்சமிருப்பது ஒயர் வேலைதான்.

அந்த ஒயர் வேலை பலகைக்குப் பலகை மாறும். ஒரே ஆண்டில் வந்த இரண்டு விளையாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது நன்றாக விளங்கும். ஜப்பானின் நாம்கோ நிறுவனம் கொண்டுவந்த பேக்மேன், 1980. அமெரிக்காவின் அட்டாரி கொண்டுவந்த மிசைல் கமாண்ட், அதுவும் 1980. பேக்மேனுக்கு ஒரே ஒரு ஜாய்ஸ்டிக், நாலு திசை, அவ்வளவுதான். சுடவோ குதிக்கவோ பொத்தான் கிடையாது. மிசைல் கமாண்டுக்குப் பலகையில் பதித்த கனத்த பந்து ஒன்று, மூன்று ஏவுதளங்களுக்கு மூன்று பொத்தான்கள். பந்தை உள்ளங்கையால் உருட்டினால் திரையில் குறி நகரும்.

ஜாய்ஸ்டிக் ஒரு நிலையைச் சொல்கிறது: இப்போது இடது பக்கம் சாய்ந்திருக்கிறேன், இப்போது நிமிர்ந்துவிட்டேன். டிராக்பால் என்ற அந்தப் பந்து ஒரு மாற்றத்தைச் சொல்கிறது: போன கணத்திலிருந்து இந்தக் கணத்துக்குள் இவ்வளவு தூரம் உருண்டேன். பந்துக்கு ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்ற கேள்வியே கிடையாது. எத்தனை ஒயர், கணினியோடு இணைக்க எந்த போர்டு, நிரல் எப்படி, எதைத் துடைத்துச் சுத்தம் செய்வது என்று இந்த வேலையில் எழும் கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கிறது. வேலையில் இறங்கும் பலரும் முதலில் போர்டை வாங்கிவிட்டுப் பிறகுதான் பலகையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். முதலில் பலகையைத் திருப்பிப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

ஜாய்ஸ்டிக்கின் அடிப்பக்கம் எளிமையானது. தண்டின் கீழ்முனையைச் சுற்றி நாலு மைக்ரோ சுவிட்ச்; தண்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கச் சுவிட்ச் ‘டிக்’ என்று அழுந்தும். மேலே தண்டை வலப்புறம் தள்ளினால் கீழ்முனை இடப்புறம் போகும் என்பதால், வலது திசைக்கான சுவிட்ச் இடது பக்கத்தில் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டு ஒயர் போட்டால் பாதிக் குழப்பம் வராது. இன்னும் பழைய பலகைகளில் மைக்ரோ சுவிட்சுக்குப் பதில் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள் ஒன்றையொன்று தொடும் அமைப்பு இருக்கும். தொடுமுனையில் கறுப்புப் படிந்திருந்தால் கெட்டியான காகிதத் துண்டை நடுவில் வைத்து நாக்குகளை மெல்ல அழுத்தி இழுத்தாலே பெரும்பாலும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும்.

மைக்ரோ சுவிட்சில் மூன்று முனைகள் உண்டு. ஒன்று பொது முனை. ஒன்று, அழுத்தும்போது பொதுமுனையோடு சேர்வது. இன்னொன்று, அழுத்தாதபோது சேர்ந்திருந்து அழுத்தினால் பிரிவது. நமக்கு வேண்டியவை முதல் இரண்டும்தான். மூன்றாவதில் மாட்டிவிட்டால் கையெடுத்த பிறகும் அந்தத் திசை அழுந்தியிருப்பதாகவே கணினி நினைக்கும். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து ஒவ்வொரு சுவிட்சையும் அழுத்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எல்லாச் சுவிட்சுகளின் பொதுமுனைகளையும் ஒரே ஒயரால் மாலையாகக் கோத்து கிரவுண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மறு முனையிலிருந்து ஆளுக்கொரு ஒயர். நாலு திசை, ஆறு பொத்தான், ஸ்டார்ட், காசு என்று வைத்தால் பன்னிரண்டு ஒயர், கிரவுண்டோடு பதின்மூன்று.

1985-இல் ஜப்பானிய ஆர்கேடு உற்பத்தியாளர் சங்கம் ஜாமா என்ற பெயரில் 56 முனை இணைப்பைப் பொதுவாக்கியது. அந்த வகைப் பலகை கிடைத்தால் கிரவுண்டு மாலை ஏற்கெனவே கோத்தே இருக்கும். ஆனால் அதே ஒயர்க் கட்டில் 12 வோல்ட்டும், மைனஸ் 5 வோல்ட்டும், படத்துக்கான சிக்னல்களும் கலந்து வருகின்றன. ஜாய்ஸ்டிக் ஒயர்களை மட்டும் அடையாளம் கண்டு எடுக்க வேண்டும். கட்டோடு தூக்கிக் கணினிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

இந்தப் பதின்மூன்று ஒயர்களையும் எதனோடு சேர்ப்பது? பழைய வழி, ஒரு விசைப்பலகையைப் பிரித்து அதன் உள்ளிருக்கும் சிறு போர்டை எடுத்து, விசைகளுக்குப் பதிலாக நம் சுவிட்சுகளை மாட்டுவது. செலவே இல்லாத வழி. ஆனால் விசைப்பலகைக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனி ஒயர் கிடையாது. கிடைவரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டம் போட்ட வலை அது. கட்டத்தில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், நாலாவது மூலையும் அழுந்தியதாக போர்டு நினைக்கும். தட்டச்சில் இப்படி மூன்று விசை ஒன்றாக அழுந்துவது அபூர்வம். சண்டை விளையாட்டில் அது கணத்துக்குக் கணம் நடக்கும். இதைத் தடுக்க ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு சேர்க்கலாம், அதற்கு போர்டும் ஒத்துழைக்க வேண்டும். மலிவான விசைப்பலகைகளில் தொடுமுனைகள் கரிப்பூச்சாக இருப்பதால் சால்டர் ஒட்டாது என்பது தனித் தொல்லை. இன்று இந்த வழிக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

புதிய வழி, தானே யு.எஸ்.பி. பேசத் தெரிந்த சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. ஏடிமெகா 32யு4 சிப் உள்ள ஆர்டுயினோ லியனார்டோ 2012-இல் வந்தது. அதே சிப்பைக் கட்டைவிரல் அளவில் அடக்கிய புரோ மைக்ரோ போர்டைச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடலாம். எங்கும் பரவலாகக் கிடைக்கும் பழைய வகை ஆர்டுயினோ ஊனோ இதற்கு உதவாது. அதன் முதன்மைச் சிப்புக்கு நேரடியாக யு.எஸ்.பி. தெரியாது. புரோ மைக்ரோவில் பயன்படுத்தக்கூடிய முனைகள் 18. நம்முடைய பன்னிரண்டு சுவிட்சுக்கும் ஆளுக்கொரு முனை கொடுத்துவிட்டால் கட்டமும் வேண்டாம், டயோடும் வேண்டாம். ஒவ்வொரு முனையையும் சிப்புக்குள்ளேயே ஒரு மின்தடை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்திருக்கும்; சுவிட்ச் அழுந்தினால் கிரவுண்டுக்கு விழும். வீட்டு வாசல் அழைப்பு மணியைப் போல, தொட்டால் உண்டு, விட்டால் இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம். இந்த போர்டைக் கணினிக்கு விசைப்பலகை என்று அறிமுகம் செய்யலாம், கேம்பேடு என்றும் அறிமுகம் செய்யலாம். வழக்கமான யு.எஸ்.பி. விசைப்பலகை ஒரு முறைக்கு எட்டு பைட் அனுப்பும். கன்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட் போன்றவற்றுக்கு ஒரு பைட், ஒன்று காலி, மற்ற ஆறும் ஆறு விசைகளுக்கு. இருவர் ஒரே பலகையில் ஆடினால் ஆறு போதாமல் போகலாம். மேம் நிரல் முதல் ஆட்டக்காரரின் முதல் இரண்டு பொத்தான்களை இடது கன்ட்ரோல், இடது ஆல்ட் என்று வைத்திருக்கிறது. அவை அந்தத் தனிப் பைட்டில் போவதால் ஆறின் கணக்கில் சேராது. நாலாவது பொத்தான் இடது ஷிப்ட். அதைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் ‘ஸ்டிக்கி கீஸ்’ வேண்டுமா என்று கேட்டு ஆட்டத்தின் நடுவில் குறுக்கே நிற்கும். அந்த வசதியை முன்கூட்டியே அணைத்துவைக்க வேண்டும். கேம்பேடாக அறிமுகம் செய்தால் பொத்தானுக்கு ஒரு பிட் என்று நேர்க்கணக்கு, இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. சண்டை விளையாட்டுக்கு நான் கேம்பேடையே தேர்ந்தெடுப்பேன்.

பேக்மேனுக்கு இன்னொரு தேவை உண்டு. அது நாலு திசை ஜாய்ஸ்டிக்குக்காக எழுதப்பட்டது. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் மூலைவாட்டில் சாய்த்தால் இரண்டு சுவிட்சுகள் சேர்ந்து அழுந்தும். திருப்பத்தில் பேக்மேன் தயங்கும், பேய் பிடித்துவிடும். பல ஜாய்ஸ்டிக்குகளில் அடித்தகட்டைத் திருப்பிப் போட்டால் எட்டு நாலாகிவிடும். நிரலில் எவ்வளவு திருத்தினாலும் அந்தத் தகடு கைக்குத் தரும் உறுதி வராது.

இனி பந்து. டிராக்பாலின் வரலாறு ஆர்கேடுக்கு முந்தியது. 1952-இல் கனடியக் கடற்படைக்காக உருவான டேட்டார் என்ற அமைப்பில் டாம் கிரான்ஸ்டன், பிரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் ஆகியோர் பவுலிங் பந்து ஒன்றைக் கொண்டு திரையில் குறியை நகர்த்தினார்கள். 1978-இல் அட்டாரி ஃபுட்பால் மூலம் அமெரிக்க ஆர்கேடுகளில் பந்து பரவலாகத் தெரியவந்தது; இரண்டே ஆண்டில் மிசைல் கமாண்ட்.

பலகையைத் திருப்பினால் பந்தின் கூடு தெரியும். செங்கோணத்தில் இரண்டு உருளைகள், தாங்கலுக்கு மூன்றாவதாக ஒரு பேரிங். ஒவ்வொரு உருளையின் முனையிலும் ஓரமெங்கும் பிளவுகள் வெட்டிய சிறு சக்கரம். சக்கரத்தின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி., மறுபக்கம் அருகருகே இரண்டு ஒளி உணரிகள். சக்கரம் சுழலும்போது ஒளி விட்டுவிட்டுத் தெரியும். ஒரே உணரி இருந்தால் எவ்வளவு சுழன்றது என்று தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. இரண்டு உணரிகளைக் கால் பிளவு தள்ளி வைத்திருப்பதால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். வலப்புறம் சுழன்றால் முதலாவது முந்தும், இடப்புறம் சுழன்றால் இரண்டாவது முந்தும். இரண்டின் நிலையையும் சேர்த்து எழுதினால் 00, 01, 11, 10, மறுபடி 00. ஒவ்வொரு படியிலும் ஒரு எண் மட்டுமே மாறுகிறது. இவ்வளவு குறைந்த பொருளில் திசையையும் தூரத்தையும் ஒருசேரச் சொல்லும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

ஒயர்க் கணக்கு ஜாய்ஸ்டிக்கைவிடச் சிறியது: 5 வோல்ட், கிரவுண்டு, கிடைத்திசைக்கு இரண்டு, நெடுந்திசைக்கு இரண்டு, ஆக ஆறு. ஆனால் ஒயர் குறைந்ததும் பொறுப்பு கூடிவிடுகிறது. ஜாய்ஸ்டிக்குக்கு மின்சாரமே வேண்டாம். அது வெறும் கதவு. பந்தின் எல்.இ.டி.க்கு மின்சாரம் வேண்டும், உணரிக்கும் வேண்டும். யு.எஸ்.பி. கொடுக்கும் 5 வோல்ட் அதற்குப் போதும். உணரி திருப்பி அனுப்பும் சிக்னலும் 5 வோல்ட்தான். இங்கேதான் போர்டுத் தேர்வு மாறுகிறது. 2021-இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ விலை குறைந்த நல்ல போர்டு, ஜாய்ஸ்டிக்குக்கு வெகு பொருத்தம். ஆனால் அது 3.3 வோல்ட் ஆசாமி. பந்தின் 5 வோல்ட்டை நேரே கொடுத்தால் சிப் கெட்டுப்போகலாம். நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் அமைப்பு வேண்டும். 5 வோல்ட் புரோ மைக்ரோ என்றால் நேரே மாட்டலாம். அதே பெயரில் 3.3 வோல்ட் வகையும் விற்கிறது, வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும்.

பெரிய வேறுபாடு நிரலில் இருக்கிறது. மைக்ரோ சுவிட்ச் அழுந்தும்போது அதன் உலோகத் தகடு ஒருமுறை தொட்டு நிற்பதில்லை. சில மில்லிசெகண்டுக்குத் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். அதனால் ஒரு தட்டு பல தட்டுகளாகப் பதியாமலிருக்க, மாற்றம் கண்டதும் ஐந்து மில்லிசெகண்டு போலக் காத்திருந்து மறுபடி பார்ப்பது வழக்கம். ஜாய்ஸ்டிக்கில் இந்தக் காத்திருப்பு நல்ல பழக்கம். இடையில் ஒரு கணம் பார்க்கத் தவறினாலும் பாதகமில்லை. அடுத்த முறை பார்க்கும்போது சுவிட்ச் அதே நிலையைச் சொல்லும்.

பந்துக்கு இதே காத்திருப்பு நஞ்சு. ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு: பந்தின் விட்டம் 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர், உருளையின் விட்டம் 10 மில்லிமீட்டர், சக்கரத்தில் 24 பிளவு. பந்து ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை ஏறக்குறைய ஏழரைச் சுற்று. உள்ளங்கையால் ஓங்கித் தள்ளிப் பந்து செகண்டுக்கு ஐந்து சுற்று சுழன்றால், உருளை 38 சுற்று. பிளவுக்கு நாலு மாற்றம் என்று கணக்கிட்டால் செகண்டுக்கு ஏறத்தாழ 3,650 மாற்றங்கள். அதாவது 0.27 மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஐந்து மில்லிசெகண்டு கண்ணை மூடினால் பதினெட்டு மாற்றங்கள் போயே போய்விடும். போனது போனதுதான், பந்து அதை மறுபடி சொல்லாது. அதைவிட மோசம், 00-லிருந்து 11-க்குத் தாவியதாகத் தெரிந்தால் எந்தப் பக்கம் போனது என்றே சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் தவறினால் திசை தலைகீழாகப் பதியும். வேகமாகத் தள்ளும்போது குறி பின்னோக்கி ஓடுகிறது என்று பலர் பந்தைக் குறைசொல்வதுண்டு. பந்தின் மேல் தவறில்லை, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் தூங்குகிறது.

இதற்குத் தீர்வு இன்டரப்ட். முனையில் மாற்றம் வந்த அந்தக் கணமே சிப் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு எண்ணிக்கையைக் கூட்டும் அல்லது குறைக்கும். புரோ மைக்ரோவில் 0, 1, 2, 3, 7 ஆகிய ஐந்து முனைகளில் இந்த வசதி உண்டு. பந்துக்கு வேண்டியவை நாலு. எண்ணிச் சேர்த்ததை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை யு.எஸ்.பி. வழியே மவுசின் நகர்வாக அனுப்பினால் போதும். நம் கணக்கில் ஒரு முறைக்கு மூன்று நாலு எண்தான் வரும். மவுஸ் ஒரு முறைக்கு 127 வரை சொல்லலாம். கணினிக்குப் போகும் பாதை தாராளமாக இருக்கிறது, எண்ணும் இடத்தில்தான் விழிப்பு வேண்டும்.

விளையாட்டின் பக்கத்திலும் பந்துக்கு வேலை அதிகம். ஜாய்ஸ்டிக்கில் எந்தப் பொத்தான் எது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பந்துக்கு மேம் நிரலில் மவுசை அனுமதிக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு விளையாட்டுக்கும் உணர்திறனைத் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். அளவு கூடினால் குறி நழுவும், குறைந்தால் மூலையில் விழும் ஏவுகணையை எட்டிப் பிடிக்க முடியாது. பந்தை ஒருமுறை முழுதாகத் தள்ளினால் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் குறி போய்ச் சேரும்படி வைத்துத் தொடங்குவது என் வழக்கம்.

பழுது பார்ப்பதும் இரண்டுக்கும் வேறு. ஜாய்ஸ்டிக்கில் சுவிட்ச் செத்துப்போனால் கழற்றிப் புதிது மாட்டலாம்; விலை அற்பம். பந்தில் கெடுவது மெல்ல மெல்ல நடக்கும். உருளையில் கை அழுக்கு வளையமாகப் படியும். பேரிங்கில் பழைய கிரீஸ் கெட்டியாகும். சக்கரத்தின் பிளவில் ஒரு முடி சிக்கினாலும் எண்ணிக்கை குளறும். பேரிங்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துக் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முன்பு அரைச் சுற்றில் நின்ற பந்து கையெடுத்த பிறகும் சுழன்றுகொண்டே இருக்கும். எல்.இ.டி. எரிகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. செல்போனின் முன்பக்கக் கேமராவைக் காட்டினால் பெரும்பாலும் திரையில் ஊதா நிறப் பொட்டாகத் தெரியும். தெரியாவிட்டால் முதலில் 5 வோல்ட் ஒயரைச் சோதிக்க வேண்டும்.

ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் பந்தைத்தான் எடுப்பேன். பேக்மேனைச் சாதாரண விசைப்பலகையின் அம்பு விசைகளில் ஆடினாலும் முக்கால் பங்கு அனுபவம் கிடைக்கும். நாலு சுவிட்சின் வேலையை வேறு நாலு சுவிட்ச் செய்துவிடும். மிசைல் கமாண்டை அம்பு விசையில் ஆடவே முடியாது. மவுசில் ஆடலாம், ஆனால் அது வேறு விளையாட்டு. மவுஸ் கை நின்ற இடத்தில் நின்றுவிடும். கனத்த பந்து தள்ளிய வேகத்தைத் தானே சுமந்து போகும்; எதிர்ப்பக்கம் ஏவுகணை தெரிந்ததும் உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தித் திருப்ப வேண்டும். அந்தத் தள்ளலையும் அமுக்கலையும் மனத்தில் வைத்துத்தான் அட்டாரியின் டேவ் தியூரர் அந்த விளையாட்டை வடிவமைத்தார் என்று பந்தில் கைவைத்து ஆடிய எவரும் ஒப்புக்கொள்வார்கள். புதிய டிராக்பால்கள் விற்கின்றன, ஆனால் ஜாய்ஸ்டிக்கைவிட விலை அதிகம். ஆகவே பழைய பந்து கிடைத்தால் விடக்கூடாது.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்றை வற்புறுத்த வேண்டியிருக்கிறது. உயிரோடிருக்கும் இயந்திரத்தைப் பலகைக்காகப் பிரிக்கக் கூடாது. ஓடும் மிசைல் கமாண்ட் பெட்டி ஒன்றைச் சிதைத்து வீட்டில் ஒரு பந்து சேர்ப்பது நட்டக் கணக்கு. செத்த இயந்திரத்திலிருந்து எடுக்கும்போதும் பழைய ஒயரை வெட்ட வேண்டாம். ஜாய்ஸ்டிக் சுவிட்சுகளில் சொருகும் தகட்டு முனைகள் இருக்கின்றன. ஹாப் வகைப் பொத்தான்களில் 4.8 மில்லிமீட்டர், சான்வா போன்ற ஜப்பானியப் பொத்தான்களில் 2.8 மில்லிமீட்டர். அளவுக்கேற்ற சொருகு முனையைப் புதிய ஒயரில் கிரிம்ப் செய்து மாட்டினால் சால்டரே தேவையில்லை. பந்தின் கூட்டிலிருந்து வரும் ஆறு ஒயர் பிளக்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு எதிர்முனையாக ஒரு சாக்கெட்டைத் தேடிச் சேர்க்கலாம். நாளைக்கு ஒருவர் அந்த இயந்திரத்தை மீட்க வந்தால் பலகை அப்படியே திரும்பிப் போகும்.

மிசைல் கமாண்ட் பலகை முழுதாகக் கிடைத்தால் இரண்டு வேலையும் ஒரே போர்டில் சேர்கின்றன. நாலு இன்டரப்ட் முனைகள் பந்துக்கு. மூன்று ஏவுதளப் பொத்தான், ஸ்டார்ட் இரண்டு, காசு ஒன்று என ஆறு முனைகள் சுவிட்சுகளுக்கு. 18-இல் எட்டு மிச்சம். போர்டு ஒரே நேரத்தில் மவுசாகவும் விசைப்பலகையாகவும் கணினிக்குத் தெரியும். நிரலில் ஒரே ஒரு விதிதான்: சுவிட்சின் துள்ளலுக்காக எங்கேயும் நின்று காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு சுவிட்சும் கடைசியாக மாறிய நேரத்தைக் குறித்துவைத்து, ஐந்து மில்லிசெகண்டு கழிந்துவிட்டதா என்று ஒவ்வொரு சுற்றிலும் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.